பழைய ஒலியை உதறிய மூன்று ஆல்பங்கள்: எதிலிருந்து தொடங்குவது?

ஒரு ராக் இசைக்குழு புகழோடு இருக்கும்போதே தன் ஒலியைக் கலைத்துப்போட்டுப் புதிதாகக் கட்டிய ஆல்பங்கள் என்று பேச்சு எழுந்தால், மூன்று பெயர்கள் தவறாமல் அடிபடும்: டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் ‘ரிமெய்ன் இன் லைட்’, யூ2 குழுவின் ‘ஆக்டுங் பேபி’, ரேடியோஹெட் குழுவின் ‘கிட் ஏ’. இவற்றைக் கேட்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். மூன்றுமே மகத்தானவை என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் முதலில் எதைக் கையில் எடுப்பது என்று யாரும் சொல்வதில்லை. தனக்குப் பொருந்தாத ஆல்பத்தில் தொடங்கி, இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டு, இந்த வகை இசையே நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறவர்கள் உண்டு என்பதால் இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

பீட்டில்ஸ் குழுவின் ‘ரிவால்வர்’ (1966) ஏன் இங்கே இல்லை என்று சிலர் கேட்கலாம். அவர்களுடைய மாற்றம் ஆல்பத்துக்கு ஆல்பம் படிப்படியாக நிகழ்ந்தது; இருந்ததைத் துறக்கிறோம் என்ற அறிவிப்பு அதில் இல்லை. இங்கே எடுத்துக்கொண்ட மூன்றிலும் அந்தத் துறவு வெளிப்படையாகவே இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது?

எந்த ஆல்பம் அதிகம் விற்றது, எது அதிக விருது வாங்கியது என்பவை இந்த முடிவுக்கு உதவாது. எந்த மாற்றம் மிகப் பெரியது என்ற கேள்வியையும் ஒதுக்கிவிடலாம் என்பதே என் கருத்து. மாற்றத்தின் அளவு என்பது ஒலியில் மட்டும் இருப்பதில்லை. கேட்பவரின் காதில் ஏற்கெனவே என்ன படிந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. யூ2-வின் பழைய பாட்டு ஒன்றைக்கூடக் கேட்காதவருக்கு ‘ஆக்டுங் பேபி’ ஒரு நல்ல ராக் ஆல்பம், அவ்வளவுதான். அது எதை உடைத்தது என்பது அவர் காதுக்கு எட்டாது. ஆகவே முதல் அளவுகோல் முன்பழக்கம்: மாற்றத்தை உணர முன்னதாக எவ்வளவு கேட்டிருக்க வேண்டும்?

இரண்டாவது, முதல் முறை கேட்கும்போதே பற்றிக்கொள்ள ஒரு மெட்டோ தாளமோ கிடைக்கிறதா என்பது. மூன்றாவது, தனிப்பாட்டுகளாகக் கேட்டாலும் நிற்குமா, அல்லது முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்டால்தான் பிடிபடுமா என்பது. நான்காவது, பாட்டின் சொற்களைப் பின்தொடர வேண்டிய அளவு. இவற்றோடு, தொடக்கத்தில் கண்ணில் படாமல் பிறகு தலைகாட்டும் செலவுகளும் சில உண்டு. அவற்றைத் தனியே பார்க்கலாம்.

| | ரிமெய்ன் இன் லைட் | ஆக்டுங் பேபி | கிட் ஏ |
|---|---|---|---|
| குழு | டாக்கிங் ஹெட்ஸ், நியூயார்க் | யூ2, டப்ளின் | ரேடியோஹெட், ஆக்ஸ்ஃபோர்டுஷயர் |
| வெளியீடு | அக்டோபர் 1980 | நவம்பர் 1991 | அக்டோபர் 2000 |
| முந்தைய ஸ்டுடியோ ஆல்பம் | ஃபியர் ஆஃப் மியூசிக் (1979) | ராட்டில் அண்ட் ஹம் (1988) | ஓகே கம்ப்யூட்டர் (1997) |
| தயாரிப்பு | பிரையன் ஈனோ | டேனியல் லான்வா, பிரையன் ஈனோ | நைஜல் காட்ரிச், குழுவினர் |
| பாட்டுகள், நேரம் | 8. சுமார் 40 நிமிடம் | 12. சுமார் 55 நிமிடம் | 10. சுமார் 50 நிமிடம் |
| முன்பழக்கம் | அநேகமாகத் தேவையில்லை | கட்டாயம் தேவை, ஆனால் கொஞ்சம் போதும் | இருந்தால் நல்லது |
| முதல் கேட்பில் பிடிப்பு | தாளத்தில் | மெட்டில் | குறைவு |

## ஆக்டுங் பேபி: உடை மாறியது, உடல் அதே

1987-இல் வந்த ‘தி ஜோஷுவா ட்ரீ’ யூ2-வை உலகின் மிகப் பெரிய ராக் குழுக்களில் ஒன்றாக்கியது. எதிரொலியில் நனைந்து விரியும் எட்ஜின் கிட்டார், திறந்தவெளியை நோக்கிப் பாடுவது போன்ற போனோவின் குரல், நீதியைப் பற்றிய தீவிரமான பேச்சு ஆகியவை அவர்களுடைய அடையாளமாயின. அடுத்த ஆண்டு ‘ராட்டில் அண்ட் ஹம்’ ஆல்பமும் அதே பெயரிலான திரைப்படமும் வந்தபோது, அமெரிக்க ப்ளூஸ், காஸ்பெல் மரபுகளின் வரிசையில் தங்களையும் அவர்கள் நிறுத்திக்கொள்வதாகப் பல விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். 1989 டிசம்பர் 30 அன்று டப்ளின் மேடையில், விலகிப்போய் எல்லாவற்றையும் மறுபடியும் கனவுகாண வேண்டியிருக்கிறது என்று போனோ சொன்னார். குழு கலையப்போகிறது என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள்.

1990 அக்டோபரில், இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான அதே நாட்களில், அவர்கள் பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டேவிட் போயி 1977-இல் ‘ஹீரோஸ்’ ஆல்பத்தைப் பதிவு செய்த இடம் அது. ஒன்றுபடும் நகரத்தின் உற்சாகத்தைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது தங்களுக்குள்ளேயே ஒரு பிளவு. போனோவும் எட்ஜும் இயந்திர ஓசை கலந்த இண்டஸ்ட்ரியல் இசையையும் ஐரோப்பிய நடன இசையையும் நோக்கி நகர, டிரம்ஸ் வாசிக்கும் லாரி மலனும் பேஸ் வாசிக்கும் ஆடம் கிளேட்டனும் தங்களுக்குத் தெரிந்த வழியை விட்டுவிட மனமில்லாமல் நின்றார்கள். டிரம் மெஷின் உள்ளே வந்துவிட்டால் டிரம்மருக்கு அங்கே என்ன வேலை என்பது வெறும் ஈகோவிலிருந்து எழும் கேள்வி இல்லை. ‘மிஸ்டீரியஸ் வேஸ்’ பாட்டுக்காக எட்ஜ் தனித்தனியே வாசித்துப் பார்த்த இரண்டு கார்டு (chord, பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு) வரிசைகளை அடுத்தடுத்து வாசிக்கச் சொன்னார் தயாரிப்பாளர் லான்வா; நால்வரும் சேர்ந்து அதன்மேல் வாசிக்கத் தொடங்கியதில் பிறந்ததுதான் ‘ஒன்’. முடிச்சு அங்கே தளர்ந்தது. ஆனாலும் ஆல்பத்தின் பெரும்பகுதி வடிவம் பெற்றது அவர்கள் டப்ளினுக்குத் திரும்பிய பிறகே என்பதைப் பெர்லின் கதையின் கவர்ச்சியில் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு தயாரிப்பாளரான ஈனோ இடையிடையே விலகியிருந்து, புதிய காதோடு வந்து கேட்டுச் சொல்பவராக இருந்தார். ஆல்பம் வெளியான காலத்தில் அவர் எழுதிய கட்டுரையில், ஸ்டுடியோவில் பாராட்டாகப் புழங்கிய சொற்களையும் வசையாகப் புழங்கிய சொற்களையும் பட்டியலிட்டிருந்தார். மலினமானது, இருண்டது, காமம் கலந்தது, தொழிற்சாலைத்தனமானது என்றால் பாராட்டு. மனப்பூர்வமானது, பணிவானது, இனிமையானது, நேர்மையின் பெருமிதம் கொண்டது என்றால் வசை. வசைப் பட்டியலில் இருந்தவை அனைத்தும் அதுவரை யூ2 எதற்காகப் பாராட்டப்பட்டதோ அவையே.

முதல் பாட்டான ‘ஜூ ஸ்டேஷன்’ எப்படித் தொடங்குகிறது என்று உன்னிப்பாகக் கேளுங்கள். சிதைக்கப்பட்ட ஒரு கிட்டார் கீற்று மேலிருந்து கீழே சறுக்குகிறது. டிரம்ஸ் தகரத்தை அறைவது போல விழுகிறது. கடைசியில் வரும் குரல் மோசமான தொலைபேசித் தொடர்பின் மறுமுனையிலிருந்து வருவது போல நசுங்கியிருக்கிறது. பழைய ரசிகருக்கு இசைத்தட்டில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியிருக்கும். முதல் சிங்கிளாக (தனியே வெளியிடப்படும் பாட்டாக) வெளிவந்த ‘தி ஃப்ளை’ பாட்டிலும் போனோவின் பழக்கமான முழக்கம் இல்லை. தாழ்ந்த முணுமுணுப்பு ஒரு பக்கமும் உச்ச ஸ்தாயியில் பொய்க்குரல் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடக்கிறது.

இவ்வளவு மாற்றத்துக்கு அடியிலும் பாட்டுக்கட்டு அப்படியே இருக்கிறது என்பதுதான் புதிதாகக் கேட்பவருக்கு இதன் பெரிய வசதி. சரணம் உண்டு, கோரஸ் உண்டு, சேர்ந்து பாட மெட்டு உண்டு. தனித்தனியே எடுத்தாலும் ஐந்தாறு பாட்டுகள் தாமாகவே நிற்கும். முன்பழக்கமாகத் தேவைப்படுவது ‘தி ஜோஷுவா ட்ரீ’ ஆல்பத்தின் முதல் மூன்று பாட்டுகள் மட்டுமே. கால் மணி நேரம் செலவு.

சொற்களைக் கவனிக்க வேண்டிய ஆல்பம் இது. அந்தக் காலத்தில் எட்ஜின் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது. துரோகமும் பிரிவும் பாட்டுக்குப் பாட்டு தலைகாட்டுகின்றன. ‘ஒன்’ பாட்டைத் திருமண விழாக்களில் ஒலிக்கவிடுகிறார்கள் என்பது எனக்குத் தீராத வியப்பு. சொற்களை ஒருமுறை கேட்டால் அது ஒட்ட முடியாத இருவரைப் பற்றியது என்று விளங்கிவிடும். குறை என்று சொன்னால், ஒன்பதாவது பாட்டில் ஆல்பம் கொஞ்சம் தொய்கிறது. அங்கே எழுந்து போய்விட வேண்டாம்; ‘அல்ட்ராவயலட்’, ‘அக்ரோபேட்’, ‘லவ் இஸ் பிளைண்ட்னெஸ்’ என்று கடைசியில் வரும் மூன்று பாட்டுகளும்தான் இதன் இருண்ட மையம்.

## கிட் ஏ: கிட்டார் குழு கிட்டாரைக் கீழே வைத்தபோது

‘ஓகே கம்ப்யூட்டர்’ வெற்றியைத் தொடர்ந்த நெடும் பயணத்தில் ரேடியோஹெட் பாடகர் தாம் யார்க் முற்றிலும் சோர்ந்துபோனார். பாட்டெழுத வராமல் முடங்கினார். தன் குரலை எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ நகலெடுக்கிறார்கள் என்ற அலுப்பும் சேர்ந்துகொண்டது. ராக் இசையை விட்டு, ஆஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர் போன்ற வார்ப் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்து எலெக்ட்ரானிக் கலைஞர்களைக் கேட்கத் தொடங்கினார். 1999 தொடக்கத்தில் பாரிசில் ஆரம்பித்த பதிவு, கோபன்ஹேகன், குளோஸ்டர்ஷயரில் ஒரு பெரிய மாளிகை, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் அவர்களுடைய சொந்த ஸ்டுடியோ என்று இழுத்துக்கொண்டே போனது. ஐந்து பேரும் ஒவ்வொரு பாட்டிலும் வாசித்தாக வேண்டும் என்ற வழக்கத்தையே விட வேண்டியிருந்தது. கிட்டார் கலைஞர் எட் ஓ’பிரையன் கச்சிதமான கிட்டார் பாட்டுகளாலான ஓர் ஆல்பத்தை எதிர்பார்த்து வந்தவர். அவருக்கு இது எளிதாக இருந்திருக்க முடியாது.

பலனை முதல் நொடியிலேயே கேட்கலாம். ‘எவ்ரிதிங் இன் இட்ஸ் ரைட் பிளேஸ்’ பாட்டில் கிட்டாரும் இல்லை, டிரம்ஸ் கிட்டும் இல்லை. ஒரு சிந்தசைசர் சுற்றிச் சுற்றி வருகிறது; யார்க்கின் குரல் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, வலமும் இடமுமாகத் தெறித்து, தனக்குத் தானே குறுக்கிடுகிறது. ‘இடியோடெக்’ பாட்டின் அடியில் ஓடும் கார்டுகள், பால் லான்ஸ்கி 1973-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கணினியைக் கொண்டு படைத்த ‘மில்ட் உண்ட் லைசே’ என்ற ஆக்கத்திலிருந்து எடுத்த சில நொடித் துண்டு. குழுவின் ஜானி கிரீன்வுட் பல இடங்களில் வாசிக்கும் ஓண்ட் மார்த்தனோ என்ற மின்னிசைக் கருவி 1928-இல் மேடைக்கு வந்தது; மனிதக் குரலுக்கும் வயலினுக்கும் நடுவில் எங்கோ நின்று அழும் ஓசை அதற்கு.

ஆனால் கிட்டார் முழுக்க மறைந்துவிட்டது என்று சிலர் சொல்வது மிகை. ‘ஆப்டிமிஸ்டிக்’ அசலான கிட்டார் பாட்டு. ‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’ அக்கூஸ்டிக் கிட்டாரில் தொடங்கி, டார்செஸ்டர் தேவாலயத்தில் பதிவான தந்திக் கருவிகளின் அலையில் முடிகிறது. ‘தி நேஷனல் ஆந்தம்’ பாட்டில் யார்க் வாசிக்கும் ஒரே பேஸ் வரி விடாமல் ஓட, அதன்மேல் பித்தளை ஊதுகருவிகள் போக்குவரத்து நெரிசல் போல முட்டிமோதுகின்றன.

முதல் கேட்பில் இது கைகொடுக்காது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குழுவினர் சிங்கிள் எதையும் வெளியிடவில்லை. வழக்கமான பாட்டு வீடியோக்களும் கிடையாது. அப்படியிருந்தும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடத்துக்கு வந்தது. மெட்டைத் தேடிப் போகிறவருக்கு மூன்றாம் நான்காம் முறைதான் ஏதாவது அகப்படும். மாறாக, எலெக்ட்ரானிக் இசையிலோ பின்னணி இசையிலோ ஊறிய காது உள்ளவருக்கு இந்தத் தயக்கமே இருக்காது. ராக் ரசிகர்களைத் திகைக்கவைத்த அதே ஒலி அவருக்குப் பழகிய வீடு. சொற்களைப் பற்றிய கவலையும் வேண்டியதில்லை. யார்க் பல வரிகளைத் துண்டுச் சீட்டுகளாக எழுதித் தொப்பியிலிருந்து குலுக்கி எடுத்தார். பொருள் தொடர்ச்சியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும், குரலையும் ஒரு வாத்தியமாக எடுத்துக்கொண்டால் போதும்.

இதை ஒரே மூச்சில் கேட்டாக வேண்டும். நடுவில் வரும் ‘ட்ரீஃபிங்கர்ஸ்’ தாளமோ குரலோ இல்லாத, மூன்றரை நிமிடத்துக்கு மேல் நீளும் ஒலிப்படலம். தனியே ஒலித்தால் ஏதோ விடுபட்டது போலத் தோன்றும், அதன் இடத்தில் வைத்துக் கேட்டால் இரண்டு பாதிகளுக்கும் நடுவே மூச்சுவிட இடம் தரும்.

## ரிமெய்ன் இன் லைட்: தாளத்தை நம்பியவர்களுக்கு

மூன்றிலும் மிகப் பழையது, ஆனால் மிகக் குறைவாக மூப்படைந்தது. டேவிட் பைர்னின் பதற்றமான குரலும் சிக்கனமான கிட்டாரும் சேர்ந்த நியூயார்க் நால்வர், பஹாமாஸ் தீவின் நசாவில் உள்ள காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவில் பாட்டுகளை முன்கூட்டி எழுதாமல் வாசிப்பிலிருந்தே தொடங்கினார்கள். நைஜீரியாவின் ஃபெலா குட்டியுடைய இசையே வழிகாட்டி. ஒரே கார்டில் நின்று தாள அடுக்குகளைப் பதிவுசெய்து, கலவை மேசையில் ஒவ்வொரு தடத்தையும் திறந்தும் மூடியும் பாட்டின் வடிவத்தைக் கண்டெடுத்தார்கள். மெட்டும் சொற்களும் அதற்குப் பிறகே வந்தன.

ஆகவே இங்கே கார்டுகள் மாறுவதற்குக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது; எந்த அடுக்கு எப்போது நுழைகிறது, எது விலகுகிறது என்று காதைத் திருப்பினால் ‘தி கிரேட் கர்வ்’ கிட்டத்தட்ட ஆறரை நிமிடம் ஓடுவதே தெரியாது. அதில் விருந்தினராக வாசித்த ஏட்ரியன் பெலூவின் கிட்டார் மிருகம் போலப் பிளிறுவதற்காகவே இரண்டாம் முறை கேட்கலாம். ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ மட்டும் தனிப்பாட்டாகவும் எடுபடும். முதல் மூன்று பாட்டுகளின் வேகம் போகப்போகத் தணிந்து, கடைசிப் பாட்டான ‘தி ஓவர்லோட்’ கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. ஆட்டத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் இந்தப் பின்பாதியில் பொறுமை இழக்கலாம்.

முன்பழக்கம் இல்லாமலே ரசிக்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு. பழைய ஒலி எது என்று தெரியாவிட்டாலும் புதிய ஒலி தன் காலில் நிற்கிறது.

## கண்ணில் படாத செலவுகள்

முதல் செலவு கருவி. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டால் ‘தி நேஷனல் ஆந்தம்’ பாட்டைத் தாங்கிப் பிடிக்கும் பேஸ் வரியே காணாமல்போய், வெறும் இரைச்சல் மிஞ்சும். ‘ரிமெய்ன் இன் லைட்’ ஆல்பத்தின் தாளப் பின்னலும் ஒரே களியாகிவிடும். விலை உயர்ந்த சாதனம் வேண்டியதில்லை, சுமாரான ஹெட்ஃபோன் போதும். ‘ஆக்டுங் பேபி’ மட்டும் எதில் கேட்டாலும் தாக்குப்பிடிக்கும், ஏனெனில் அதன் சாரம் நடு ஸ்தாயியிலும் மெட்டிலும் இருக்கிறது.

இரண்டாவது, பதிப்புகள். ஆண்டு நிறைவுப் பதிப்புகள் முதலில் கேட்பவருக்கு ஒரு பொறி. 2011-இல் வந்த ‘ஆக்டுங் பேபி’ பெரும்பதிப்புகளும், ‘கிட் ஏ’-யையும் அதே பதிவுகளிலிருந்து பிறந்த ‘அம்னீசியாக்’ ஆல்பத்தையும் (2001) எஞ்சிய துணுக்குகளையும் சேர்த்து 2021-இல் வந்த ‘கிட் ஏ அம்னீசியா’வும் ஆல்பத்தை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கானவை. இணையச் சேவைகளில் கேட்பவர்கள் இவற்றில் ஏதேனும் ஒன்றைத் தெரியாமல் ஓடவிட்டு, ஆல்பம் எங்கே முடிந்தது என்றே அறியாமல் மேலே கேட்டுக்கொண்டிருப்பார்கள். பாட்டுகளின் எண்ணிக்கை மேலே உள்ள அட்டவணையோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பாட்டுகளைக் கலைத்துப்போடும் வசதியை அணைத்துவிடுவது அதைவிட முக்கியம்.

மூன்றாவது, பிடித்துப்போனால் ஆகும் செலவு. ‘கிட் ஏ’ பிடித்தவரை ‘அம்னீசியாக்’ விடாது. அங்கிருந்து வார்ப் கலைஞர்களின் காடு தொடங்குகிறது. ‘ரிமெய்ன் இன் லைட்’ நேராக ஃபெலா குட்டியிடம் கொண்டுபோய் விடும். அவருடைய ஒரு பாட்டே ஓர் ஆல்பத்தின் ஒரு பக்கத்தை முழுதாக எடுத்துக்கொள்ளக்கூடியது. ‘ஆக்டுங் பேபி’ இந்த வகையில் மலிவு: 1993-இல் வந்த ‘ஜூரோப்பா’வோடு அந்தப் பாதை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தொலைக்காட்சித் திரைகளும் விளக்குகளாகத் தொங்கவிட்ட கிழக்கு ஜெர்மனியின் டிரபாண்ட் கார்களுமாக நடந்த ‘ஜூ டிவி’ மேடைப் பயணத்தின் பதிவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை தனிக்கணக்கு.

## யாருக்கு எது?

பாட்டு என்றால் மெட்டும் சொல்லும்தான் என்று கேட்டு வளர்ந்தவருக்கு ‘ஆக்டுங் பேபி’யையே தயங்காமல் சொல்வேன். மாற்றம் நிகழ்வதைக் காதாலேயே பின்தொடர முடிகிற ஆல்பம் அது ஒன்றுதான். பழையதும் புதியதும் ஒரே பாட்டுக்குள் இழுபறி நடத்துகின்றன. ஒரு குழு எப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறது என்ற கேள்வியே ஒருவரை இங்கே கொண்டுவந்திருந்தால், அவருக்கும் இதுவே.

நடனத்துக்கும் தாளத்துக்கும் காது கொடுப்பவருக்கு ‘ரிமெய்ன் இன் லைட்’. நேரம் குறைவாக உள்ளவருக்கும் அதுதான், நாற்பதே நிமிடம் என்பதால். பழைய ஆல்பங்களைத் தேடிக் கேட்கும் வேலையில் விருப்பமில்லாதவரும் இதையே எடுக்கலாம்.

‘கிட் ஏ’யை எலெக்ட்ரானிக் இசைப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டுமே முதல் ஆல்பமாகப் பரிந்துரைக்க முடிகிறது. மூன்றில் எனக்கு மிகப் பிடித்தது அதுவே என்றாலும், மற்றவர்கள் அதற்கு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருவது நல்லது. இடையில் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பத்தை ஒருமுறையாவது கேட்டுவிட்டு வந்தால் முதல் பாட்டிலேயே எதை இழந்தோம் என்பது உறைக்கும். ஏற்கெனவே ஒருமுறை முயன்று பாதியில் விட்டவர்கள் மறுபடியும் தொடக்கத்திலிருந்து மல்லுக்கட்ட வேண்டாம். ‘ஆப்டிமிஸ்டிக்’ பாட்டில் நுழைந்து, அதை அடுத்து வரும் ‘இன் லிம்போ’வையும் ‘இடியோடெக்’கையும் வரிசை மாறாமல் கேட்டு, அவை பிடிபட்ட பிறகு முதல் பாட்டுக்குப் போகலாம்.